அளவுத் திட்டு

காகிதம் பறக்காமல் இருக்க மேசைமேல் ஒரு பாக்சைட் கல் வைத்திருக்கிறேன். செங்கல் நிறம், உடல் முழுக்கப் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள். மூச்சு பட்டால் புதுமழை விழுந்த மண்ணின் வாசனை வரும். இன்று காலை அதன்மேல் படிந்த தூசியை ஊதினேன். வாசனை வந்தது, நீங்களும் வந்தீர்கள். "ஊதிப் பாருங்க, எங்க காட்டு மழையெல்லாம் இதுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு" என்று கொடுத்தவர் நீங்கள்தானே.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் உங்கள் காட்டைக் குத்தகைக்கு எடுத்த சுரங்கத்தில், டேப் பிடித்து அளப்பது என் வேலை. சாமை விளைந்த மேல்மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்தார்கள். தோண்டி முடித்ததும் அதைத் திரும்பப் பரப்ப வேண்டும் என்பது விதி. குவியல் லாரி ஏறிச் சமவெளியில் ஏதோ ஒரு பங்களாவின் புல்தரைக்குப் போயிற்று. விதி மட்டும் அங்கேயே இருந்தது.

ஆழத்தை அளப்பதற்காக நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் விடுவோம். கடைசி அளவு எடுத்ததும் அதையும் வெட்டிவிடுவோம். உங்கள் மனைவியைப் புதைத்த இடமும் அந்தக் காட்டில்தான் இருந்தது. நீங்கள் சண்டை போடவில்லை. "ஏனுங்க, எங்கியோ ஒரு திட்டு வுடத்தான போறீங்க. அது எங்க ஊட்டுக்காரி மேல இருந்துட்டுப் போவட்டுமே" என்றீர்கள். அதிகாரி உடனே சம்மதித்தார். செலவில்லாத இரக்கம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

நிலம் இறங்க இறங்க உங்கள் மனைவி உயர்ந்துகொண்டே போனார். அமாவாசைக்கு விளக்கு வைக்க நீங்கள் மூங்கில் ஏணி சாய்த்து ஏறுவீர்கள். நான் அடியில் பிடித்துக்கொள்வேன். "உசுரோட இருக்கறப்பவே என் தலைக்கு மேல ஏறித்தான் பேசுவா. இப்பக் கம்பெனியே தூக்கி வெச்சிருச்சுங்க" என்பீர்கள்.

சுரங்கம் நின்றுபோனது. கடைசி அளவு எடுக்க மட்டும் அரசு ஆள் வரவேயில்லை. அதன்பின் சோளக்காடு நிறுத்தத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்.

"அளக்க வாராங்களா?"

"இல்லீங்க."

"நல்லதுங்க."

அரசுத் தாமதத்துக்கு நன்றி சொன்ன வேறு குடிமகனை நான் பார்த்ததில்லை.

மனைவி பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டு ஐப்பசியில் போய்ச் சேர்ந்தீர்கள். திட்டின் மேல் இருவருக்கு இடமில்லை. கீழே மண்வெட்டி போட்டால் கணீர் என்றது. உங்கள் காட்டில் உங்களைப் புதைக்க மண் இல்லை. முள்ளுக்குறிச்சியிலிருந்து பொக்லைன் வந்து திட்டின் அடிவாரத்தில் பாறையைக் குடைந்தது. கல்சில்லு போட்டு மூடினோம்.

போன மாதம் கடைசி அளவுக்கு ஆள் வந்தது. பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மேலே ஒரு சமாதி, கீழே ஒரு சமாதி என்று சொன்னேன். இளம் அதிகாரி வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "இதுல அளவுத் திட்டுன்னுதாங்க போட்டிருக்கு" என்றார். உங்கள் மனைவியைக் காப்பாற்ற நீங்கள் வாங்கிக் கொடுத்த பெயர் அது.

அளந்தார்கள். வெட்டினார்கள். திட்டு அப்படியே உங்கள் மேல் சரிந்தது, மண்ணோடு உங்கள் மனைவியும். கேட்டது கிடைத்தது, கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமலே. அந்தச் சுரங்கத்தில் விதிப்படி மேல்மண் திரும்பி வந்த ஒரே இடம் உங்கள் சமாதி.

ஏணியை நான் எடுத்து வந்துவிட்டேன். அங்கே அதைச் சாய்த்து வைக்க இனி ஒன்றும் இல்லை. எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்று என்றைக்காவது யாராவது கேட்டால், காட்டுவதற்கு அது என்னிடம் இருக்கட்டும்.