கோயிலுக்குப் போகும் வேன்

கீழப்பழுவூர்,
வெள்ளிக்கிழமை இரவு.

மதிப்பிற்குரிய சுகன்யா அக்காவுக்கு வணக்கம்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் அப்பா மாயவன் தாத்தாவைச் சேர்த்திருக்கிறீர்களே, அந்த முதியோர் இல்லத்தில் என் அம்மா சமையல் வேலை பார்க்கிறார். இரவில் எல்லோரையும் பார்த்துக்கொள்வதும் அம்மாதான். முப்பத்தெட்டுப் பேருக்கு அம்மா ஒருத்தர். சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நான் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி விளக்கைப் போட்டிருக்கிறேன். காலடிச் சத்தம் கேட்டால் இதன் மேல் அறிவியல் நோட்டை வைத்துவிடுவேன். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் விலாசத்தைச் சேர்க்கை பாரத்தில் பார்த்து எழுதிக்கொண்டேன். போனில் சொல்ல வழியில்லை. அம்மாவின் போனை மேனேஜர் சார் வாங்கிப் பார்ப்பார்.

கார்த்திகை மாதம் உங்களுக்கு ஒரு போட்டோ வந்திருக்கும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலில் தாத்தா நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிற படம். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் அழுதீர்களாம். "நான்கூட எங்கப்பாவை அங்க கூட்டிட்டுப் போனதில்ல சார்" என்று நீங்கள் சொன்னதை மேனேஜர் சார் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அக்கா, யாரும் சாமி கும்பிடப் போகவில்லை. இந்த இல்லத்துக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் அனுமதி. அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிற தேதி முன்னாலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு மீதிப் பதின்மூன்று பேரை வேனில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுவார்கள். புண் இருக்கிறவர்கள், சத்தம் போட்டு அழுகிறவர்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறவர்கள். தாத்தா உள்ளதைச் சொல்லிவிடுவார் என்பதால் அவரையும் ஏற்றினார்கள்.

வேனில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று என்னையும் அனுப்பினார்கள். பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தேன். கோயில் வாசலில் ஒவ்வொருவராக இறக்கி ஒரு போட்டோ எடுத்து உடனே ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு சாயங்காலம் வரை வேன் ஒரு மரத்தடியில் நின்றது. யாருக்கும் தண்ணீர் கொடுக்காதே, குடித்தால் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சார் என்னிடம் சொல்லியிருந்தார். தாத்தா இரண்டு முறை கேட்டார். பாட்டில் என் பையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

மத்தியானம் டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். தாத்தாவுக்கு ஒண்ணுக்குப் போக வேண்டும். "முப்பது வருசம் டிப்பர் லாரியில ஏறி எறங்குனவன் நானு, இது எனக்கு எம்மாத்திரம்" என்று சொல்லிக்கொண்டேதான் படியில் கால் வைத்தார். விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வலது காலை ஊன்றவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே விழுந்தார் என்று கேட்பார்கள் என்பதற்காக, சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்த்தார்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வந்தீர்கள். தாத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, இடுப்பிலிருந்து கால் வரை புதுப் போர்வை போர்த்தி ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். முட்டி வலி என்று சொன்னார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செல்பி எடுத்தீர்கள். போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை. படுத்தே கிடந்ததில் முதுகுக்குக் கீழே புண் வந்துவிட்டது. அந்த வாடைக்காகத்தான் சாம்பிராணி போட்டார்கள். கோயில் மாதிரி மணக்குது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உங்களைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று தினப் பதிவேட்டை என்னிடம்தான் கொடுப்பார்கள். ஆய்வுக்கு முன்னால் ஒரு மாதக் கணக்கையும் ஒரே ராத்திரியில், பேனாவை மாற்றி மாற்றி எழுதுவேன். 'மாயவன். காலை நான்கு இட்லி, பால். நடைப்பயிற்சி இருபது நிமிடம். மனநிலை மகிழ்ச்சி.' தாத்தா விழுந்த மறுநாளுக்கும் இதையே எழுதினேன். அது அவருக்குத் தெரியும். என்னை டீச்சரு என்றுதான் கூப்பிடுவார். "ஏ டீச்சரு, இன்னைக்கு நான் எத்தன இட்லி தின்னேன்?" என்று கேட்டார். நாலு என்றேன். "சட்னியாவது நல்லா இருந்துச்சான்னு எழுதிவுடு" என்றார்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று தாத்தாவிடம் ஒருநாள் கேட்டேன். "திருப்பூர்ல அவ இருக்கறது ஒத்த ரூமு. நான் போயிட்டா மாப்ள வெளியில படுக்கணும். போ, போயி எழுது" என்றார்.

நேற்றிலிருந்து அவர் டீச்சரு என்று கூப்பிடவில்லை. கண்ணைத் திறப்பதே அரிதாக இருக்கிறது. இப்போது நானே தண்ணீர் கொண்டுபோகிறேன். ஸ்பூனில் கொடுத்தாலும் வாயோரம் வழிந்துவிடுகிறது.

வருகிற வியாழக்கிழமை மறுபடியும் ஆய்வு. வேனில் ஏற்றுகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் மாயவன். பின் சீட்டில் படுக்க வைத்துவிடலாம் என்கிறார்கள். இவர் தாங்க மாட்டாருங்க சார் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் நீயும் உன் மகளும் இன்றைக்கே வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சார் சொல்லிவிட்டார். அப்பா இறந்த பிறகு எங்களுக்கு இந்த அறையை விட்டால் வேறு இடம் கிடையாது. அம்மா சமையல்கட்டுக்குத் திரும்பிவிட்டார். தயவுசெய்து அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அந்தப் புண்ணைத் தினமும் துடைத்துவிடுகிறது அம்மா மட்டும்தான்.

புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள் அக்கா. போன் செய்துவிட்டு வராதீர்கள். ஹாலில் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள். சமையல்கட்டைத் தாண்டி இடது பக்கம் இரண்டாவது அறை. போர்வையை விலக்கிப் பாருங்கள். பயமாக இருந்தால் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லுங்கள். கோயில் என்றால் அவர்கள் மறுக்க முடியாது. கூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். பதிவேட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கை என்று தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்கும்போது அவர்கள் அந்தப் பதிவேட்டைத்தான் நீட்டுவார்கள். அதில் நான்கு இட்லியும் நடைப்பயிற்சியும் இருக்கும். அப்போது உங்களிடம் என்ன இருக்கும்? கிழிக்க வேண்டாம் அக்கா. கொண்டுவாருங்கள். பெயர் போடாத கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் பெயரையும் போடுகிறேன்.

நீங்களும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். தாத்தாவை அழைத்துப் போகும்போது, டீச்சரு தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள் என்று அவர் காதில் ஒருமுறை சொல்லுங்கள்.

அம்மா வருகிறார்.

இப்படிக்கு,
அ. தமிழ்மொழி,
பத்தாம் வகுப்பு.