கல்லறைச் சுவரோரம் செய்முறைத் தேர்வு

ஆடி, செவ்வாய் இரவு.

கொரோனாவால் மருத்துவக் கல்லூரி மூடிக் கிடக்கிறது. இன்று செய்முறைத் தேர்வும் செல்போன் வீடியோவில்தான். வீட்டில் ஒருவரைப் படுக்கவைத்து வயிற்றைச் சோதித்துக் காட்ட வேண்டுமாம். பழவேற்காட்டில் எங்களுக்கு சிக்னல் கிடைப்பது பழைய டச்சுக்காரர் கல்லறைச் சுவரோரம் மட்டும். அங்கேயே பாய் விரித்து அம்மாவைப் படுக்கவைத்தேன்.

நான் தொட்டுப் பார்த்த முதல் வயிறு. வலது விலாவுக்குக் கீழே கல்போல ஏதோ தட்டுப்பட்டது. போனில் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியரிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

"பழக்கமில்லம்மா, அப்படித்தான் தோணும். நார்மல்னு முடி, அடுத்த ஆள் வரணும்" என்றார்.

நார்மல் என்றேன். மதிப்பெண் போட்டார்.

"இன்னாடி, பாஸா?" என்றாள் அம்மா. தலையாட்டினேன்.

கையால் தடவி இறால் பிடிக்க ஏரிக்குப் போகும் வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்: "எம் வவுத்தத் தொட்டுத்தான் எம்பொண்ணு பாஸாயிட்டா."