துண்டில் மடித்த யானை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

விடுதிச் சலவைக்கூடத்தில் நான் துண்டுகளை யானையாக மடிப்பதைப் படமெடுக்க இருவர் வந்தார்கள். பிடித்ததைச் செய்து குணம் மாறியவர்களைப் பற்றிய குறும்படமாம்.

"இதனால உங்களுக்குள்ள என்ன மாறிச்சு?" என்று கேட்டார்கள்.

வேலை நேரத்தில் விளையாடுகிறவனைப் பிடிக்க மேலாளர் விரித்த வலையோ என்று சந்தேகம் வந்தது. "ஒண்ணும் மாறலைங்க. கையை மட்டும் எடுங்க, மூஞ்சி வேணாம்" என்றேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன்: இப்போதெல்லாம் யார்மேலும் எரிந்து விழுவதில்லை.

பாப்பாவை ஒரு யானை வரைந்து அனுப்பச் சொல்; துண்டில் எனக்குத் தும்பிக்கை சரியாக வரவில்லை.

படமெடுத்தவர்களை இன்னும் நம்பவில்லை. ஆனாலும் படம் வந்தால் பார். முகம் இருக்காது, கட்டைவிரல் தழும்பு உனக்குத் தெரியுமே.

அழுக்குத்துணி வண்டி வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா