உப்புக் காற்றில் உன் ஸ்பிரிங்குகள்

சோப்பு போட்டுத் தேய்த்தும் கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. அதோடு உப்புக் காற்றும் சேர்ந்துவிட்டால் நீ பக்கத்தில் நிற்பது போலவே இருக்கிறது, மாப்ள. போன வாரம் உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் டயர் கடையில் விட்டார்கள். அன்றிலிருந்து உன்னோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து மரக்காணத்தில் இரண்டே சீட் உள்ள கார் வாங்கியதே கூத்து. அதைத் தரையோடு தரையாக இறக்கும் ஸ்பிரிங் வேண்டும் என்று அடம்பிடித்தாயே, அது அதைவிடப் பெரிய கூத்து. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் கீழே மரை வெட்டிய வளையம். அதைத் திருகினால் கார் ஏறும், இறங்கும்.

"உப்பளத்துக்கு நடுவுல குடியிருந்துக்கினு இது தேவையாடா? ஒரே வருஷத்துல துருப்பிடிச்சு இறுகிடும்" என்றேன்.

"திருகிக்கினே இருந்தா எப்படிடா இறுகும்?" என்று சிரித்தாய்.

சொன்னபடியே செய்தாய். பொங்கல் கழிந்து உப்பு வார ஆரம்பித்தால் காரை இறக்குவாய். மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடும் வாரத்தில் ஏற்றுவாய். நீ வளையம் திருகும் பானாவைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, "பாய் வண்டிய ஏத்துறாரு, சீக்கிரம் கீத்து போடுங்கப்பா" என்று உப்பளத்து ஆட்கள் கிண்டலடிப்பார்கள். உனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆனால் முதல் வருஷம் நீ செய்த முட்டாள்தனத்தை யாரிடமும் சொல்லவிடமாட்டாய். இப்போது சொல்லித்தான் தீருவேன். உப்பு லாரி சொட்டிக்கொண்டு போன ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, தினமும் சாயங்காலம் காருக்கு அடியில் ஹோஸ் பிடித்து அலசுவாய். அப்படியும் ஸ்பிரிங்கில் வெள்ளை பூத்துக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங் செய்த கம்பெனியையே திட்டித் தீர்த்தாய். கடைசியில் உன் வீட்டுக்காரி பர்வீன்தான் வாளியின் உள்பக்கத்தை உனக்குக் காட்டினாள். அதிலும் அதே வெள்ளை. "உங்க போர் தண்ணியே உப்புத் தண்ணிங்க. உப்பை உப்பாலயே கழுவினு கீறீங்க" என்றாள். மறுநாளிலிருந்து குடிக்கிற கேன் தண்ணீர் காருக்குப் போனது. வீட்டில் நடந்த சண்டை தெரு முழுக்கக் கேட்டது.

போன ஐப்பசியில், கீற்று போடுவதற்கு முன்பே நெஞ்சுவலி வந்து போய்விட்டாய். கார் இறக்கிய உயரத்திலேயே நின்றது. உன் வீட்டு வாசலில் மழைத்தண்ணீர் தேங்கி சக்கரம் பாதி முழுகியது. திருகி ஏற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரைத் தொடத்தான் மனசு வரவில்லை.

புதுச்சேரிப் பக்கம் பொம்மையார்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பர்வீனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. தினமும் போய்வர ஒரு வண்டி வேண்டும். உன் காரையோ விலைக்குக் கொடுக்கச் சொல்லி சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவள் என் கடைக்கு வந்து நேராகவே சொன்னாள்: "ஸ்பிரிங் நல்லா இருந்தா நானே ஓட்டிட்டுப் போறேண்ணே. இல்லன்னா குடுத்துடலாம். எனக்கு மனசு கஷ்டப்படும்னு பொய் சொல்லாதீங்க."

காரை லிஃப்ட்டில் ஏற்றினேன். முன்பக்கம் இரண்டு வளையமும் லேசாக அழுத்தியதுமே சுற்றின. மேல்பூச்சு மங்கியிருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷ உப்புக் காற்றுக்கு அது அதிசயம். பின்பக்கம் வலதும் சுற்றியது. இடதுதான் அசையவில்லை. சுத்தியலை எடுத்துவிட்டேன். "அடிக்காதடா, கெஞ்சு" என்று நீ சொல்வது ஞாபகம் வந்ததும் கீழே வைத்தேன். எண்ணெய் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊற்றி, கெஞ்சினேன். சாயங்காலம் ஒரு முனகலோடு நகர்ந்தது. கடையில் தனியாக நின்று கை தட்டினேன்.

ஆனால் அந்த ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பூச்சு உரிந்து குழிகுழியாக அரித்திருந்தது. பெயின்ட் அடித்து மறைத்திருக்கலாம். ஓட்டப்போவது பர்வீன். மறைக்கவில்லை.

"பின்னாடி ஸ்பிரிங்க நம்ப முடியாதும்மா. ஒண்ணு போனா ஜோடியாத்தான் மாத்தணும். முன்னாடி ரெண்டும் இன்னும் ரொம்ப நாள் ஓடும்."

முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பாதி தாங்கிச்சே, அதுவே பெருசுண்ணே. மீதிய புதுசாப் போடுங்க. வண்டிய விக்கல" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேற்று புது ஸ்பிரிங் போட்டு, நாலு பக்கமும் நன்றாக ஏற்றி, அலைன்மென்ட் பார்த்து முடித்தேன். உப்பு வாருகிற காலத்தில் ஏற்றினேன் என்று நீ கோபித்துக்கொள்வாய். ஓட்டுகிறவள் கேட்டாள், அவ்வளவுதான். இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு பர்வீன் ஓட்ட, சத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழ்புத்துப்பட்டு ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் என் கை தானாகக் கதவைத் திறக்கப் போனது. நீ ஓட்டும்போது கார் அடி தட்டாமல் இருக்க என்னை அங்கே இறக்கிவிட்டு, தாண்டியபின் ஏற்றிக்கொள்வாயே. அப்படியும் தரையில் உரசும், நீ "அல்லா!" என்று கத்துவாய்.

"உக்காருங்கண்ணே" என்றாள் பர்வீன்.

கார் ஏறி இறங்கியது. எதுவும் உரசவில்லை. கத்தவும் ஆள் இல்லை. நீ இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் முழுசாக உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "அழுவுறதா இருந்தா இறங்கிடுங்கண்ணே. எனக்கு ஸ்கூலுக்கு லேட்டாவுது" என்று சொல்லி ஆக்சிலேட்டரை மிதித்தாள். நீ போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான், மாப்ள.