மகளுக்குப் போன குரல்

என்னைய விட்டுட்டுப் போன என் மகராசனுக்கு,

ஒங்க கருமாதி நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க. தலவாக்கலையில நீங்க சுவர் எழுப்பிக் குடுத்த வீட்டுக்காரங்க பூராவும் வந்தாங்க. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா, நீங்க சாந்து பூசுற கரண்டியத் தொட்டுத் தொட்டு, "பாஸ் உன்னஹே, பாஸ் உன்னஹே"ன்னு அவங்க பாஷையில மரியாதையாக் கூப்பிட்டு அழுதுச்சு. ஒரு மேசன் பாஸுக்கு இவ்வளவு சனமான்னு எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. எனக்கு நம்ம மக மேல பொறாமையா இருக்கு. பெத்த மக மேல பொறாமைப்படுற தாயும் உண்டாடின்னு கேப்பீங்க. இந்தா, நான் இருக்கேன்ல!

குவைத்துல வீட்டு வேலை செய்யிற சுமதிக்கு அங்க லீவு குடுக்கல. வர முடியாம வீடியோ கால்ல அழுதா. "அப்பா அனுப்புன வாய்ஸ் எல்லாம் எங்கிட்ட இருக்கும்மா. தெனம் கேட்டுட்டுத்தான் படுக்கிறேன்"னா. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு.

வேலை விட்டு வந்து காலக் கழுவுனதும் போனை வாய்கிட்ட வச்சுக்கிட்டு அவளோடதான பேசுவீங்க? லிந்துலையில மழை, சாந்து காயல, தோட்டத்து லயத்துல யாரு வீட்டுல கல்யாணம், ஒண்ணு விடமாட்டீங்க. கடல் தாண்டி இருக்குறவளுக்கு ஒங்க குரல் அம்புட்டு இருக்கு. ஒரே பாயில படுத்தவளுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல இருக்குறவளுக்கு யாராச்சும் வாய்ஸ் அனுப்புவாங்களா? அனுப்புனா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?

அவகிட்ட கேக்க ரோசமா இருந்துச்சு. முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஒங்க குரலே மறந்து போயிருமோன்னு பயம் வந்திருச்சு. வெக்கத்த விட்டு, "எனக்கும் அனுப்புடி"ன்னேன். அன்னைக்கே அத்தனையும் அனுப்பிட்டா. நல்ல புள்ளதாங்க. அதுவும் எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு.

போட்டுக் கேட்டேன். எல்லாத்துலயும் "தங்கம், சாப்பிட்டியாடா"ன்னுதான் ஆரம்பிக்கிறீங்க. என்னைய என்னைக்காச்சும் தங்கம்னு கூப்பிட்டிருக்கீங்களா?

ஒண்ணுல நீங்க ஏதோ வாசப்படி வச்ச கதைய அளந்துக்கிட்டு இருக்கீங்க. பின்னாலருந்து ஒருத்தி கத்துறா, "ரொட்டி ஆறிப்போகுது, வாறீங்களா இல்லையா?" யாருடா இந்த ராங்கிக்காரின்னு பாத்தா, அட, நான்தான்! நீங்க கதைய அப்பிடியே நிப்பாட்டிட்டு, "இரு புள்ள, இந்தா வாறேன்"ங்கிறீங்க.

அது எனக்குச் சொன்னது. அவ போனுக்குப் போனாலும் அது எனக்குத்தான். அந்த எடத்த மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டு அழுவுறேன். சுமதிகிட்ட சொல்லல, சொல்லவும் மாட்டேன். அதுல அவளுக்குப் பங்கு கெடையாது.

"இரு"ன்னீங்கள்ல? இருக்கேங்க. நேரத்துக்குத் திங்கிறேன், பிரஷர் குளிசை போடுறேன். சுமதி ஊருக்கு வந்ததும், அவள ஒரு நல்லவன் கையில புடிச்சுக் குடுத்துட்டுத்தான் ஒங்ககிட்ட வருவேன். இது சத்தியம். அதுவரைக்கும் அங்க இருக்குறவங்ககிட்ட எல்லாத்தையும் பேசித் தீத்துராதீங்க. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க.

நீங்க தாலி கட்டுன பொண்டாட்டி,
பாக்கியம்