எதிர்மலையில் டிரம் சத்தம்

21.05.2025

கிருஷாந்தி,

இல்லை, தர்ஷன் பெரிய டிரம்மைப் பிந்தி அடிக்கவில்லை. அவன் சரி. பின்வரிசை மெலோடிக்காக்கள்தான் பிந்துகின்றன. அவனுடைய அடி எங்கள் மலையில் பட்டுத் திரும்பி வருகிறதே, அதைக் கேட்டு ஊதுகிறார்கள். நான் அடித்த காலத்திலும் இதே கதைதான். காதை நம்ப வேண்டாம் என்று சொல். முன்னால் நிற்கும் உன் கையிலுள்ள கோலைப் பார்க்கட்டும். பக்கத்தில் நிற்பவளின் சத்தம் கேட்காத அளவுக்கு யாரும் ஊதக்கூடாது.

கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் நம் பேண்ட் வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரிகிறது. துணி காயப்போடும் இடத்தில் நின்றால் ஸ்கூல் கிரவுண்ட் முழுவதும் தெரியும்.

போன் இன்னும் மாமியாரிடம். பதிலை ஜிப்ரியா அக்காவின் தையற்கடையில் கொடு. சட்டைத் துணியோடு வந்துவிடும்.

ஜீவராணி

26.05.2025

அன்பு ஜீவா,

சொன்னேன். கோலைப் பார்த்தார்கள். முதல் தடவையாக எல்லோரும் ஒரே ஆள் ஊதுவது மாதிரி இருந்தது. பேண்ட் பழக்குகிற சேர் மட்டும் தர்ஷனை விடவில்லை. "டேய், டிரம் அடிக்கிறியா, பாம்பு அடிக்கிறியா?" அவனும் விடவில்லை. "ஜீவா அக்கா வந்தா குடுத்துர்றேன் சேர்."

சனிக்கிழமை நுவரெலியாவில் மாகாணப் போட்டி. பேண்ட் லிஸ்டில் உன் பெயரை வெட்டவில்லை. ஸ்கூல் வரவு இடாப்பிலும் வெட்டவில்லை. "பதினெட்டு முடிஞ்ச புள்ள. அதுவா வந்தா யாரு தடுக்கிறது?" என்கிறார் சேர். காலையில் உங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே பஸ்ஸை நிறுத்துவோம். உன் வெள்ளை உடுப்பு என்னிடம் இருக்கிறது.

வருவாய்தானே?

கிருஷா

28.05.2025

கிருஷா,

கேட்டேன். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "கல்யாணம் கட்டுன பொண்ணு ரோட்டுல கொட்டு தட்டிக்கிட்டுப் போவுமா? எம்புள்ள மூஞ்சிய எங்க வச்சிக்குவான்?"

கொழும்பிலிருந்து அவர் பேசினார். போனை மாமியார்தான் பிடித்திருந்தார். "அம்மா சொல்றதக் கேளு." அவ்வளவுதான்.

யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. பகல் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்காக நிற்க வேண்டாம். தர்ஷனே அடிக்கட்டும்.

ஜீவராணி

31.05.2025
தலவாக்கலை தாண்டி, பஸ்ஸில்

கிருஷா,

நின்றீர்கள். ஹோர்ன் அடித்தீர்கள். நான் வாசலில். ஒரு காலில் மட்டும் செருப்பு. மாமியார் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.

கீழ் வளைவில் டிரம் கேட்டது. தர்ஷனாகத்தான் இருக்கும், ஓடுகிற பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு. ஒரே அடி. மலை அதைத் திருப்பித் தருவதற்குள் மற்றச் செருப்பையும் மாட்டிவிட்டேன்.

"எங்கடி?"

"ஸ்கூலுக்கு."

"இன்னைக்கு சனிக்கெழம."

"தெரியும்."

போனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு வளர்ந்திருக்கும். நின்றிருப்பேன்.

நான் வந்து சேர்வதற்குள் நீங்கள் வாசித்து முடித்திருக்கலாம். பரவாயில்லை. திங்கட்கிழமையும் பிராக்டிஸ் இருக்கும். எனக்குப் படுக்க அம்மா வீட்டில் ஒரு பாய் இருக்கும்.

எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு பஸ் மட்டும் காரணமில்லை.

இந்தக் கடிதத்தைத் தையற்கடையில் கொடுக்கவில்லை. நுவரெலியாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.

ஜீவராணி