கம்பி போட்ட வாயில் முதல் கரும்பு

பாகூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழிலரசி எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடு கன்று எல்லாரும் சுகம், எழில் மட்டும் அவ்வளவு சுகமில்லை, பயப்படாதே, முழுதும் படி. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், பாதி சொல்வதற்குள் நீ சத்தம் போட ஆரம்பிப்பாய், மீதியைச் சொல்லும் தைரியம் எனக்குப் போய்விடும். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் அரிகரனிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கரும்பு வெட்டு ஆரம்பித்ததற்கு முதல் நாள்தான் எழிலுக்குப் பல் கம்பியை முறுக்கினார்கள். ஒவ்வொரு தடவை முறுக்கும்போதும் இரண்டு நாளைக்குப் பல்லெல்லாம் தெறிக்கும், ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, மோரைக் குளிர வைத்துக் குடித்துச் சமாளித்துவிடுவாள், எங்களுக்கும் அது பழகிவிட்டது. வெட்டு அன்று வயல் மூலையில் கற்பூரம் காட்டியதும் வீட்டின் கடைசிப் பிள்ளை முதல் கரும்பைக் கடித்துத் துப்ப வேண்டும், அப்புறம்தான் கத்தி இறங்கும், இவள் பிறக்கும்வரை நீதானே கடித்தாய். இவள் என் காதோரம் வந்து, "நாக்கு பட்டாலே உயிர் போவுதுபா, சும்மா உதட்டுல வெச்சிட்டுக் குடுத்துடறேன்" என்றாள். ஆட்கள் கத்தியோடு காத்திருக்கிறார்கள், மேஸ்திரி சாமிக்கண்ணு, "இன்னா அண்ணே, கம்பி போட்டதும் பொண்ணு வெள்ளக்காரி ஆயிடிச்சா, நம்ம கரும்பு எறங்காதா" என்று சிரிக்கிறார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரே கடி, ஒண்ணும் ஆவாது, கடிடி" என்று எல்லார் எதிரிலும் அதட்டினேன். கடித்தாள். சக்கையைத் துப்பிவிட்டு உதட்டை மூடிக்கொண்டே சிரித்தாள், நான் தேங்காயை உடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து கஞ்சித் தண்ணீர்தான். அம்மா கேட்டால் முறுக்கின வலிதான் என்றாள். நான் வேறு, "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்று கேலி செய்தேன், ஸ்கூல் லீவு விட்டால் முகம் வாடுகிற பிள்ளையைப் பார்த்து. மூன்றாம் நாள் சாயங்காலம் வழக்கம்போல எனக்குப் பேப்பர் படித்துக் காட்டியபோது சுடச்சுடக் கிழங்கை வாயில் அடக்கியவள் மாதிரி படித்தாள், அப்போதுதான் போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லில் ஒட்டியிருந்த சின்ன உலோகத் துண்டு பெயர்ந்து, கம்பியின் முனை உள் கன்னத்தைக் குத்திக் குத்திப் புண்ணாக்கியிருந்தது.

மறுநாள் பிள்ளையார்குப்பத்துக்குப் பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் முனையை வெட்டி, மெழுகை உருட்டி ஒட்டிவிட்டு, என்னத்தைக் கடித்தாய் என்று கேட்டார். இவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாம முறுக்கு கடிச்சிட்டேன் மேடம்" என்றாள். "இவ்ளோ படிக்கிற, இது தெரியாதா, இப்படியே ஒடச்சிக்கினு வந்தா கழட்டித்தான் போடணும்" என்று அவர் திட்டத் திட்டத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன் வெண்ணிலா. கடிக்க வைத்தது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் வாயில் கம்பியும் இல்லை, புண்ணும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதே முறுக்குக் கதையைச் சொன்னாள், என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

பல் எடுப்பாக இருக்கிறதென்று யாரிடமும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற பிள்ளை என்று நீதான் கவனித்து இந்த வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தாய். புண் ஆறியதும் பெயர்ந்த துண்டை அடுத்த வாரம் மறுபடி ஒட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒட்டினால் திரும்பவும் முறுக்குவார்கள். அவள் கன்னம் வீங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கம்பியே வேண்டாம், கழற்றிவிடலாமா என்று அக்காவைக் கேட்டு எழுது என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஏன்டி என்றால், "அத நான் எழுத மாட்டேன், நீயே எழுதிக்க. கம்பி இன்னாபா பண்ணுச்சு?" என்றாள். அப்புறம், போன தடவை திட்டு வாங்கினது யாருக்காக என்று டாக்டரம்மாவிடம் சொல்வாயா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். "அக்காவுக்கு எழுதட்டுமா அத?" என்றாள். எழுது என்ற பிறகுதான் பேனாவைத் திறந்தாள்.

எப்போதும் நல்லபடியாக இரு கண்ணு, உனக்கு ஒரு குறையும் வராது. அரிகரனிடம் அரிசி மாவும் வடகமும் கொடுத்திருக்கிறோம், மாவை வெயிலில் ஒரு முறை காய வைத்துக்கொள். போன் செய்தால் என்னைத் திட்டு, எழிலைப் பேசச் சொல்லாதே, கன்னம் ஆறட்டும். போகிற அன்று டாக்டரம்மாவின் அறைக்குள் முதலில் நான் போகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
முத்துக்குமரன்